டியூப்லைட்டில் ஒரு கைரேகை

ஸ்வாதி உட்காரவே இல்லை.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மெஸ்ஸின் மாடியில் இருந்தது பிரபாவதியின் துப்பறியும் அலுவலகம். நாற்காலிகள் காலியாகக் கிடக்க, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள் ஸ்வாதி. கீழே பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள்.

"உட்காரும்மா" என்றாள் பிரபாவதி. இன்ஷூரன்ஸ் மோசடிகளைப் பல வருஷம் துருவிவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவள். குரலில் அவசரம் இருக்காது, கண்ணில் இருக்கும்.

"உட்கார்ந்தா அந்த ஃபோட்டோ ஞாபகம் வருது, மேடம்."

"நடங்க சிஸ்டர்" என்றான் உதவியாளன் ஆல்வின், மேஜை ஓரத்தில் சாய்ந்தபடி. "எங்க ஆபீஸுக்கு ஆளுங்க வந்து தரை தேய்ஞ்சுதுன்னு ஒரு பேராவது வரட்டும்."

பிரபாவதி ஒரு பார்வை பார்த்தாள். ஆல்வின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

விஷயம் இதுதான். ஸ்வாதி பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மாமல்லபுரத்துக்கு அருகே கடற்கரை ரிசார்ட் ஒன்றில் தோழியின் கல்யாணம். பெண்கள் உடை மாற்றும் அறையில் அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, வென்டிலேட்டர் வழியாக யாரோ படம் எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, பெயரில்லாத முகவரியிலிருந்து அந்தப் படம் அவளுடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் ஈமெயிலில் போனது. கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுத்த ஞானதாஸ் கைதானார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது மனிதர் யாருமில்லை. அவருடைய கேமராவே சொன்னது.

"எல்லாரும் கேஸ் முடிஞ்சுதுங்கறாங்க. உனக்கு மட்டும் ஏன் முடியலை?" என்று கேட்டாள் பிரபாவதி.

"அவரோட சம்சாரம் ஜெசிந்தா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. திட்டலை, அழலை. 'அவருதான்னு உன் மனசுக்குத் தோணிச்சுன்னா சொல்லு, போயிடறேன்'னாங்க. ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரலை." ஸ்வாதி நின்றாள். "அவர் இல்லைன்னா எடுத்தவன் வெளியில இருக்கான், மேடம். பஸ்ல என் பக்கத்துல உட்காருறானோ, கேன்டீன்ல எனக்குப் பின்னாடி வரிசையில நிக்கறானோ. எல்லா முகத்தையும் உத்துப் பார்த்துட்டே இருக்கேன்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"ஷ்யாம்தான் தைரியம் சொல்றார். எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறவர். கேமராவுக்குக் கைரேகை உண்டுன்னு இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொன்னதே அவர்தான். அவருக்கு ஃபோட்டோ சாஃப்ட்வேர் எழுதற வேலை. நடந்ததை மறந்துடு, வேலையை விட்டுடு, வர்ற முகூர்த்தத்துலயே கல்யாணம் வச்சுக்கலாம்னு சொல்றார். இன்னிக்கு சாயங்காலம் ராஜினாமா மெயில் அனுப்பணும்."

"அதைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று எழுந்தாள் பிரபாவதி. "ஆல்வின், வண்டியை எடு."

"பழைய மாருதி மேடம். எடுக்கறது என் கையில. நகர்றது அது இஷ்டம்."

ஸ்வாதியும் கூடவே இறங்கினாள். சும்மா காத்திருக்க அவளால் முடியாது என்பது தெரிந்ததால் பிரபாவதி தடுக்கவில்லை.

*

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற சாலையில் இருந்தது ஞானதாஸின் ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவு இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் யாரோ கரியால் அசிங்கமாக எழுதியிருந்ததை ஜெசிந்தா தேய்த்துத் தேய்த்து, எழுத்து போகாமல் சுவர்தான் வெளுத்திருந்தது.

ஸ்வாதியைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீயா? வா. உள்ள வா."

"உங்க வீட்டுக்காரர் எடுத்த ஃபோட்டோ ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் பிரபாவதி. "பிரிண்ட் வேண்டாம். கேமராவுல இருந்து அப்படியே எடுத்த ஃபைல்."

"கம்ப்யூட்டர், கேமரா எல்லாத்தையும் போலீஸ் தூக்கினு பூட்டாங்க. சிடிங்க மட்டும் எங்கிட்ட கீது. உப்புக் காத்துல பூஞ்சை பிடிக்கும்னு அரிசி டின்னுல வெச்சிருந்தேன். அங்க யாரும் கை விடல."

டின்னைத் திறந்து அரிசிக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறைகளில் இருந்த சிடிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். காதுகுத்து, ஞானஸ்நானம், கல்யாணம், புதுவீடு என்று விசேஷத்தின் பெயரும் ஊரின் பெயரும் மேலே எழுதியிருந்தன.

"இந்த ஒரிஜினலைக் கஸ்டமருக்குக் குடுப்பாரா?" என்று கேட்டான் ஆல்வின்.

"மாட்டாரு அண்ணாத்த. குடுத்தா வெளிய எங்கியாவது பிரிண்ட் போட்டுக்குவாங்கன்னு சின்ன சைஸாக்கித்தான் குடுப்பாரு. ஒரே ஒரு வூட்டுல மட்டும் சண்ட போட்டு வாங்கிக்கினாங்கோ. யாரு, இன்னான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு வந்து சாப்பாட்டு மேலகூடக் கோவமா இருந்தாரு."

ஜெசிந்தா சிடிகளைப் பையில் போட்டுப் பிரபாவதியிடம் தராமல் ஸ்வாதியின் கையில் கொடுத்தாள். ஸ்வாதி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறிய பிறகும் கீழே வைக்கவில்லை.

*

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் ஹரிப்ரியா குழந்தையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். படங்களைக் கணினியில் அலசுவதில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பிரபாவதியின் பழைய மோசடி வழக்குகளில் திருத்தப்பட்ட படங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

குழந்தையைப் பாயில் விட்டு, சிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தாள். அலுவலகத்துக்கு வந்த அந்த ஈமெயிலை ஸ்வாதியிடமிருந்து வாங்கித் தனியாக எடுத்து வைத்தாள். படத்தைத் திரையில் திறக்கும் முன் ஸ்வாதியைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. உங்களை வெட்டிட்டு மத்த இடத்தை மட்டும்தான் நான் இவங்களுக்குக் காட்டுவேன்" என்றாள்.

இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்வாதி அன்று முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேமராவுக்கு எங்கே டாக்டர் கைரேகை?" என்றான் ஆல்வின். "அதுக்குக் கையே இல்லையே?"

"ரேஷன் கடையில அரிசி அளக்கிற படி தெரியுமா? கேமராவுக்குள்ள அந்த மாதிரி லட்சக்கணக்கான குட்டிப் படிகள் இருக்கு. வெளிச்சத்தை அளக்கற படிகள். எல்லாம் ஒரே அளவுன்னு பேர். ஆனா ஒண்ணு துளி கூடுதலா அளக்கும், ஒண்ணு துளி குறைச்சு அளக்கும். எந்தப் படி கூட, எந்தப் படி குறைங்கறது கேமராவுக்குக் கேமரா மாறும். அது எடுக்கற ஒவ்வொரு படத்துலயும் அந்த மாதிரியே மெல்லிசாப் பதியும். கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டா தெரியும்."

சொல்லிவிட்டுக் கணக்கை ஓடவிட்டாள். மின்விசிறிக்குக் கீழே நான்கு பேரும் காத்திருந்தார்கள். ஆல்வின் காலை ஆட்டிக்கொண்டேயிருந்தான். ஸ்வாதி தன் மொபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஷ்யாமிடமிருந்து அழைப்பு வந்தது, அவள் எடுப்பதற்குள் நின்றது, மறுபடி வந்தது.

ஹரிப்ரியா திரும்பினாள். முகம் வாடியிருந்தது.

"போலீஸ் சொன்னது சரி, பிரபா. இந்த சிடியில இருக்கற படங்களை எடுத்த கேமராவோட கைரேகைதான் அந்தப் படத்துலயும் இருக்கு. சந்தேகமே இல்லை."

ஸ்வாதி எழுந்து வெளிவாசலுக்குப் போய் நின்றாள். தோள்கள் குலுங்கின. ஆறுதலா, பயமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அப்போ அந்த ஜெசிந்தா அம்மாகிட்ட நான் போய்ச் சொல்லமாட்டேன்" என்றான் ஆல்வின். "வேற வேலை எது குடுத்தாலும் செய்யறேன் மேடம். கக்கூஸ் கழுவச் சொன்னாலும் சரி."

பிரபாவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் இருந்த பகுதி கறுப்பாக வெட்டப்பட்டிருந்தது. மிச்சமிருந்தது அறைதான்: வெயில் கொட்டி முழு வெள்ளையாகிப்போன ஒரு ஜன்னல், எதிர்ச் சுவரில் நிலைக்கண்ணாடி, அதில் தெரிந்த ஒரு டியூப்லைட்.

"ஹரி, அந்தப் படியில அரிசி நிரம்பி வழிஞ்சா என்ன ஆகும்?"

"புரியலை."

"ஜன்னல் இப்படி வெள்ளையா இருக்கே. அங்கே வெளிச்சம் வழிஞ்சிடுச்சுதானே? எல்லாப் படியும் நிரம்பி வழிஞ்சா, எது கூட, எது குறைன்னு எப்படித் தெரியும்?"

ஹரிப்ரியா நிமிர்ந்தாள். "தெரியாது. அங்கே கைரேகை பதியவே முடியாது." அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "ஜன்னல் சுத்தமா இருக்கு. இருக்க வேண்டிய மாதிரிதான் இருக்கு."

"டியூப்லைட்?"

ஒரு நிமிஷம் போனது. ஹரிப்ரியா திரையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அடடா. டியூப்லைட்டும் நிரம்பி வழிஞ்ச வெள்ளைதான். ஆனா இங்கே கைரேகை இருக்கு. இருக்கவே கூடாத இடத்துல இருக்கு!"

"அப்படின்னா?"

"கேமரா இதைப் பதிக்கலை. ஒரு மனுஷன் மேலே தடவியிருக்கான். ஞானதாஸ் எடுத்த வேற படங்கள்ல இருந்து கைரேகையைப் பிரிச்சு எடுத்து, இந்தப் படத்துமேல பூசியிருக்கான். ஜன்னலை ஜாக்கிரதையா விட்டுட்டான். சின்ன டியூப்லைட்டை மறந்துட்டான்."

ஸ்வாதி வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "அப்போ அவர் இல்லையா?"

"அவர் இல்லை" என்றாள் பிரபாவதி. "இப்போ யாருன்னு பார்க்கலாம். ஹரி, எந்தப் படங்கள்ல இருந்து திருடினான்னு சொல்ல முடியுமா?"

பாயில் கிடந்த குழந்தை சிணுங்கியது. ஹரிப்ரியா அதைக் காலால் மெல்லத் தட்டிக்கொண்டே சொன்னாள். "என் பேச்சைக் கேசட்டுல பிடிச்சு, அதுலேர்ந்து வார்த்தைகளை வெட்டி ஒட்டி நான் சொல்லாததைச் சொன்னதா ஒருத்தன் காட்டறான்னு வை. என் குரலை எடுக்கும்போது பின்னாடி இவ அழற சத்தமும் கொஞ்சம் ஒட்டிட்டு வரும். அதே மாதிரிதான். ஒவ்வொரு ஃபோட்டோவுலயும் கேமராவோட கைரேகை தவிர, அந்த ஒரு க்ளிக்குக்கு மட்டுமே சொந்தமான தூசி இருக்கும். எந்தப் படத்துல இருந்து திருடினானோ அந்தத் தூசியும் கூட வந்திருக்கும். உண்மையான படமா இருந்தா ஞானதாஸோட எல்லாப் படத்தோடயும் ஒரே அளவுக்குத்தான் ஒத்துப்போகணும். போலியா இருந்தா, திருடின படங்களோட மட்டும் அளவுக்கு மீறி ஒட்டும்."

"திருடினவன் சட்டையில திருடின வூட்டு சுண்ணாம்பு" என்றான் ஆல்வின்.

"அதேதான்."

மறுபடியும் காத்திருப்பு. இந்த முறை ஸ்வாதி மின்விசிறிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காதுகுத்து ஒட்டவில்லை. ஞானஸ்நானம் ஒட்டவில்லை. திருப்போரூர்க் கல்யாணம் ஒட்டவில்லை. ஒரு சிடியை ஏற்றியதும் ஹரிப்ரியா கையை உயர்த்தினாள்.

"இது. இந்த சிடி மட்டும் தனியா எகிறி நிக்குது. இதுல இருக்கற படங்கள்தான்."

ஆல்வின் உறையைப் பார்த்துப் படித்தான். "கூடுவாஞ்சேரி, புதுவீடு. யாரு வூடு மேடம் இது? படத்தைத் திறங்க டாக்டர், மூஞ்சியப் பார்ப்போம்."

படம் திறந்தது. மாவிலைத் தோரணம். வாழைமரம். பட்டு வேட்டியில் ஓர் இளைஞன், கையில் பால் சொம்பு, முகமெல்லாம் சிரிப்பு. அவன் பக்கத்தில், சற்றே கூச்சத்துடன் நின்றிருந்தாள் ஸ்வாதி.

ஆல்வின் கையிலிருந்த உறையை மெல்லக் கீழே வைத்தான்.

"இது ஷ்யாம் வீடு" என்றாள் ஸ்வாதி. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "நிச்சயம் ஆன புதுசுல கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அன்னிக்கு ஃபோட்டோ எடுத்தவர் இவர்தானா? எனக்கு முகமே ஞாபகமில்லை."

"அந்தக் கல்யாணத்துக்கு ஷ்யாம் வந்திருந்தாரா?" பிரபாவதி மெதுவாகக் கேட்டாள்.

"வந்தார். நான்தான் கூட்டிட்டுப் போனேன்." அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். "அதுக்கு முந்தின வாரம் அவர்கிட்ட ஒண்ணு சொன்னேன். கம்பெனியில என்னை ஜெர்மனிக்கு அனுப்பறாங்க, ரெண்டு வருஷம் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமான்னு. சரின்னார். சிரிச்சுக்கிட்டே சரின்னார்."

*

கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வந்தது. வழியில் பிரபாவதி ஸ்வாதியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "வீட்டுக்குள்ள போனதும் நான் சொல்றதை எல்லாம் நம்பாதே. கொஞ்சம் பொய் சொல்லப் போறேன்."

ஷ்யாமின் அம்மா சகுந்தலா வாய்நிறைய வரவேற்றாள். ஸ்வாதியின் கன்னத்தைத் தடவி, "இளைச்சுட்டியே" என்று அங்கலாய்த்து, காபி போட உள்ளே போனாள். ஷ்யாம் சோபாவில் தன் பக்கத்தில் ஸ்வாதிக்கு இடம்விட்டு உட்கார்ந்தான். அவள் எதிர் நாற்காலிக்குப் போனாள்.

"கேஸ்தான் முடிஞ்சுதே, மேடம்?" என்றான் ஷ்யாம், பிரபாவதி யாரென்று தெரிந்ததும், மரியாதையாக.

"முடிஞ்சதுதான். சின்னப் பிசிறு. அந்தப் படத்துல கைரேகையை யாரோ பூசியிருக்காங்கன்னு எங்க நிபுணர் சொல்றாங்க."

ஷ்யாமின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இருக்கலாம். ஞானதாஸுக்கு எதிரிகள் இருக்கலாம். ஆனா அதை நிரூபிக்கறது கஷ்டம்."

"கஷ்டமே இல்லை. செஞ்சவன் அரைகுறை. காலேஜ் பையன்கூட இப்படிச் சொதப்பமாட்டான்னு சொல்லிச் சிரிக்கறாங்க."

"யார் சிரிக்கறாங்க?"

"நிபுணர்தான். படத்துல வெயில் அடிக்கற ஜன்னல் இருக்கே, வெள்ளையா? அங்கே கைரேகை பதியவே பதியாதாம். அந்த அடிப்படைகூடத் தெரியாத மடையன், ஜன்னல் பூராவும் அப்பி வச்சிருக்கான்."

"ஜன்னல்லயா?"

"ஜன்னல் பூரா."

"சான்ஸே இல்லை" என்று முன்னால் சாய்ந்தான் ஷ்யாம். "உங்க நிபுணருக்கு ஒண்ணும் தெரியலை. ஜன்னலைத் தனியா மறைச்சுட்டுத்தான்…"

நிறுத்தினான். சமையலறையிலிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது.

"மறைச்சுட்டுத்தான்?" என்றாள் பிரபாவதி.

"பொதுவா… யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்கன்னு சொன்னேன்."

"ஜன்னல் சுத்தமாத்தான் இருக்கு, தம்பி. நான் சொன்னது பொய். மாட்டிக்கிட்டது டியூப்லைட்டுல. கண்ணாடிக்குள்ள தெரியற டியூப்லைட்டுல. கைரேகையை எடுத்தது எங்கேர்ந்துன்னும் தெரிஞ்சுபோச்சு." கூடுவாஞ்சேரி சிடியை டீப்பாய் மேல் வைத்தாள். "இந்த வீட்டு விசேஷப் படங்கள்லேர்ந்து. இதோட ஒரிஜினலை ஞானதாஸ்கிட்ட சண்டை போட்டு வாங்கினது யாருன்னு அவரைக் கேட்டா சொல்லிடுவார்."

ஷ்யாம் சிடியைப் பார்க்கவில்லை. ஸ்வாதியைப் பார்த்தான். "ஸ்வாதி, நீ போயிடுவேன்னு பயந்தேன். அவ்வளவுதான். உன்னை விட்டுடக் கூடாதுன்னுதான்…"

"என்னை வச்சுக்கறதுக்கு என்னை ஊருக்கே காட்டினியா?"

"அதுக்கப்புறமும் நான் உன்கூட நின்னேன் இல்லையா? வேற எவன் நிப்பான்?"

ஸ்வாதி எழுந்தாள். நேராக அவனுடைய அறைக்குள் போனாள். அவனுடைய கேமரா பீரோவின் மேல்தட்டில்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஷ்யாம் பாய்ந்து குறுக்கே நின்றான். ஆல்வின் எழுந்தான். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"வழி விடுடா."

சகுந்தலா காபித் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அம்மா, நீ உள்ள போ."

"வழி விடுன்னு சொன்னேன்."

ஷ்யாம் விலகினான்.

தெருவுக்கு வந்ததும் ஸ்வாதி சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஆல்வின் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு, "போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வழி தெரிந்தவள்தான். யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

*

அதற்குப் பிறகு எல்லாம் நிதானமாகவே நடந்தது. பூசிய கைரேகைக்கு அடியில் ஷ்யாமின் கேமராவின் சொந்தக் கைரேகை முழுசாக அழியாமல் மங்கலாகக் கிடந்தது. ஹரிப்ரியா அதை இன்ஸ்பெக்டருக்கும், பிறகு மாஜிஸ்ட்ரேட்டுக்கும், படிக் கணக்கும் அரிசிக் கணக்கும் சொல்லி விளக்கினாள். அவனுடைய கம்ப்யூட்டரில் மூலப் படமும் கிடைத்தது. ஷ்யாம் உள்ளே போனான்.

ஞானதாஸ் வெளியே வந்த அன்று காலை, செங்கல்பட்டு சிறைவாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி, மாருதிக்குப் பக்கத்தில் பிரபாவதியும் ஆல்வினும். ஸ்வாதி வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

சின்னக் கதவு திறந்தது. தாடி வளர்ந்து, சட்டை தொளதொளத்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு ஞானதாஸ் குனிந்து வெளியே வந்தார். ஜெசிந்தா அவர் பையை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் அவர் ஸ்வாதியைக் கவனித்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"இன்னாய்யா, அந்தப் பொண்ணு வந்துகீது" என்றாள் ஜெசிந்தா.

"தெரியும்." அவர் திரும்பவில்லை. "பொண்ணுங்களைத் திருட்டுத்தனமாப் பார்த்தவன்னு உள்ள அத்தினி பேரும் காறித் துப்பினாங்க. இனிமே எந்தப் பொண்ணையும் எப்படிப் பார்க்கறதுன்னே எனக்குத் தெரியலை ஜெசி."

ஸ்வாதி கிட்டே போனாள். அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, என்னைப் பாருங்க."

அவர் தரையைப் பார்த்தார். மெதுவாக அவளுடைய செருப்பை, கையை, பிறகு முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. சாலையில் போன ஒரு பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

"சாப்ட்டியாம்மா?" என்றார் ஞானதாஸ்.

"இல்லை."

"நாங்களும் இன்னும் சாப்புடலை" என்றாள் ஜெசிந்தா. "வா."